இடது கன்னத்து நிரை

என் அக்காவின் இடது கன்னத்தில் ஒன்பது பள்ளங்கள் இருக்கின்றன. வலது கன்னத்தில் இரண்டு. வலது கன்னத்துக்கு நான் பொறுப்பில்லை. இடது கன்னத்து வேலை முழுக்க என்னுடையது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டில், பள்ளி விட்டு வந்த சாயங்காலங்களில், மிகுந்த அக்கறையோடு செய்தது. அக்கறையில் மட்டும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அரைகுறையாகச் செய்திருந்தால் அவள் முகம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அக்காவுக்குப் பதினெட்டு. எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்துத் தேறிய பெண் அவள் ஒருத்திதான். தேறி என்ன, விடியற்காலையில் அம்மாவோடு பெரட்டில் போய் நின்றுகொண்டிருந்தாள். கங்காணி பேர் கூப்பிட்டு, இன்ன மலை, இன்ன செடி நிரை என்று வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பிறகு நாளெல்லாம் முதுகில் கூடையோடு கொழுந்து எடுப்பாள். அவள் படித்திருக்கிறாள் என்பதற்காக அந்தக் கூடையில் ஒரு இலைகூடக் கூடுதலாக விழவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஆபீசிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். தாதிப் பயிற்சிக்கு அக்கா போட்டிருந்த மனுவுக்குப் பதில் வந்திருந்தது. ஆறு வாரம் கழித்து ஈப்போவில் நேர்முகத் தேர்வு. கடிதத்தை ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துக் காட்டி, அப்பாவிடம் கைகொடுத்தார். அப்பாவின் கையை ஒரு கிராணி குலுக்கியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அந்தக் கையை வேறு மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது கிராணியின் மனைவியால். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர், அவ்வளவுதான். வாழ்த்துச் சொல்ல வந்தவர், அக்காவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, நோயாளிகளைத் தொடுகிற வேலைக்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டுமாம், தோல் வியாதி இருக்கிறவர்களைக் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் முகத்தில் பதினைந்து வயதிலிருந்தே பரு. நெற்றியில் பொடிப்பொடியாக, கன்னங்களில் சிவந்து தடித்து. அதுவரை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு அப்பா முகம் மழிக்கிற கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்தபோது முடிவு எடுத்துவிட்டிருந்தாள். முகத்தால் இந்த வேலை போகக் கூடாது. ஆறு வாரத்துக்குள் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அக்கா ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான். மழையில் நனைந்த புத்தகத்தை அடுப்புக்கு மேலே ஒவ்வொரு தாளாகக் காயவைத்துப் பரீட்சை எழுதியவள் அவள்.

முதல் இரண்டு வாரம் வைத்தியங்களில் போனது. மஞ்சள் அரைத்துப் பூசினாள். பக்கத்து லைனில் கொடுத்த பெடாக் செஜுக்கை, அதுதான் மலாய்க்காரப் பெண்கள் முகத்துக்குக் குழைத்துப் பூசுகிற அரிசிமாவு உருண்டை, பூசிக்கொண்டு கூத்துக்கு வேஷம் கட்டினவள்போல உட்கார்ந்திருந்தாள். வேப்பிலைக்கு வழியில்லை. எங்கள் குளிரில் வேப்பமரம் பிழைக்காது. கோயில் திருவிழாவுக்கே கீழே தாப்பாவிலிருந்து லோரியில்தான் வரும். அப்படி வந்த ஒரு கொத்தை அம்மா கேட்டு வாங்கி அரைத்துப் போட்டாள். பருக்கள் எதற்கும் அசையவில்லை.

பிறகு தோட்டத்து டிரெஸ்ஸரிடம் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். காய்ச்சலிலிருந்து பிரசவம் வரைக்கும் அவர்தான். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அக்காவின் கன்னத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"கைய வெக்காத. மேல இருக்கிறது தானாப் போயிரும். அடியில இருக்கு பாரு, வலிக்குதே, அத நோண்டுனா குழி விழுந்துரும்" என்றார்.

சொல்லிவிட்டு, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் இரண்டு கன்னங்களிலும் பள்ளங்கள் உண்டு. அவளுக்கும் இளவயதில் இப்படி வந்ததா என்று கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு, "இல்லீங்கய்யா, இது அம்மை போட்டது" என்றாள். டிரெஸ்ஸர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வெள்ளைக் களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சிரங்குக்கும் அதே களிம்பு, சேற்றுப்புண்ணுக்கும் அதே களிம்பு, இப்போது முகத்துக்கும் அதேதானா, ஒன்றும் செய்யாமல் இரு என்று சொல்வதற்கு ஒரு படிப்பா என்று கேட்டாள். அக்காவும் அதே எண்ணத்தில்தான் இருந்தாள். இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது. சும்மா இரு என்று சொல்கிறவரை அந்த நேரத்தில் யாருக்குப் பிடிக்கும்?

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்குக் கைகொடுக்க மலைக்குப் போய்ப் பழகியிருந்ததால் கொழுந்து எடுப்பதன் சட்டதிட்டங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. கங்காணி ஓயாமல் கத்துவது இரண்டு விஷயங்களை. ஒன்று, கொழுந்தை நாள் தவறாமல் எடுத்துவிட வேண்டும், விட்டால் முற்றிப்போகும். இரண்டு, ஒரு நிரையை முழுசாக முடிக்காமல் அடுத்த நிரையில் கால் வைக்கக் கூடாது. முகத்துக்கும் இதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றியது. முளைக்கிறதை முளைக்கிறபோதே எடுத்துவிட்டால் முற்றுவதற்கு என்ன இருக்கிறது? அக்காவிடம் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள். ஐந்தாம் படிவம் படித்தவளே சரி என்ற பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது. எடுக்க எடுக்கத்தான் செடி தளிர்க்கும் என்று அதே கங்காணி அதே வாயால் சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

அவள் விரல்கள் நாளெல்லாம் வேலை செய்து தடித்திருந்தன. கண்ணாடியும் கையகலம். என் விரல்கள் சிறியவை, கண் கூர்மை, கட்டைவிரல் நகம் தேயிலைக் கறை ஏறிக் கெட்டியாக இருக்கும். முன்னறை ஜன்னலுக்குக் கீழே பலகையில் அவளை உட்கார வைத்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, இடது கன்னத்தில் ஆரம்பித்தேன். இடது கன்னம் ஒரு நிரை, வலது கன்னம் ஒரு நிரை. இது முடிந்தால் அது.

முதல் மூன்று நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை முனை வைத்தவை எல்லாம் லேசாக வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் துணியில் துடைத்து அக்காவிடம் காட்டினேன். அடுத்த நாள் அந்த இடம் அமுங்கியிருந்தது. ஆனால் கன்னத்தின் நடுவில், தோலுக்கு அடியில், முனையே இல்லாமல் கல்போலச் சில கட்டிகள் இருந்தன. டிரெஸ்ஸர் வேண்டாம் என்றவை அவைதான். நிரையில் எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதால் நான் அவற்றையும் எடுக்கத் தீர்மானித்தேன். இரண்டு பக்கமும் நகம் வைத்து அழுத்துவேன். வெளியே ஒன்றும் வராது. இன்னும் அழுத்துவேன். கடைசியில் உள்ளே எதுவோ சட்டென்று விட்டுக்கொடுக்கிறது விரலுக்குத் தெரியும். உடைந்துவிட்டது, இனி ஆறிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

காலையில் அது இரண்டு மடங்காக வீங்கியிருக்கும். பக்கத்திலேயே இன்னொன்று தலைதூக்கியிருக்கும். ஒரு இடத்தில் ஒன்றை எடுத்தால் மூன்றாவது நாள் அங்கே இரண்டு. நான் விடவில்லை. பள்ளி விட்டதும் ஓடி வந்துவிடுவேன். விளையாடக் கூப்பிட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்பேன். அக்காவும் விடவில்லை. மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டின் முனையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிடுவாள். சத்தமே வராது. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு இறங்கி என் விரலை நனைக்கும். விரல் வழுக்குகிறதே என்று நான்தான் அலுத்துக்கொள்வேன்.

ஒருநாள் ரத்தம் நிற்காமல் வந்தபோது எனக்கே பயமாகி, போதும் என்று கையை எடுத்துவிட்டேன். அக்கா துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"எடு. நான் தாங்கிக்கிறேன்" என்றாள்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. நாங்கள் பலகையில் உட்கார்ந்தால், வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்விடுவாள். தண்ணீர் நிறைந்திருக்கிற நாளிலும் போவாள்.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் இடது கன்னம் பன்னுபோல வீங்கிவிட்டது. வலது நிரைக்கு நான் போகவே முடியவில்லை. அதில் எனக்கு ரொம்ப வருத்தம். வலது கன்னத்தில் இருந்தவை யாரும் கவனிக்காததால் அவையாகவே வாடிக்கொண்டிருந்தன. அதைக்கூட நான் பார்க்கவில்லை. அக்கா வெந்நீரில் துணியை நனைத்து இடது கன்னத்தில் ஒத்திக்கொண்டே கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தாள். போகவேண்டிய அன்று வெள்ளைச் சட்டை, அம்மாவின் ஸ்வெட்டர். அப்பா கூடப் போனார். தாப்பா வரை இறங்குகிற அத்தனை வளைவுகளுக்கும் வாந்தி எடுக்காமல் வந்தாள் என்று அப்பா பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்கள். நான் ஓடிப்போய், முகத்தைப் பற்றி என்ன கேட்டார்கள் என்றுதான் கேட்டேன். முகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கையைக் காட்டச் சொன்னார்களாம். விரல்களெல்லாம் ஏன் கறுப்பாக இருக்கின்றன என்று கேட்டதற்கு, கொழுந்து எடுக்கிறேன் என்று சொன்னாளாம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், மழை பெய்தாலும் போவாயா, எவ்வளவு நேரம் நிற்பாய் என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இரண்டு மாதத்தில் எடுத்துக்கொண்டோம் என்று கடிதம் வந்தது.

அக்கா பெட்டியோடு கீழே போனாள். முதல் விடுப்பில் வந்தபோது வீக்கமெல்லாம் வற்றியிருந்தது. இடது கன்னம் அமைதியாக இருந்தது. அதில் ஒன்பது குழிகள். சில அகலமாகத் தட்டையாக, இரண்டு மட்டும் ஊசியால் குத்தி இழுத்ததுபோல ஆழமாக. எனக்கு அவை கண்ணில் படவே இல்லை. பரு போய்விட்டதல்லவா? நான் எடுத்துக்கொண்ட வேலை முடிந்துவிட்டது. அன்றைக்குப் பைப்படியில் நின்றிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அக்கா முகத்தைச் சரி பண்ணி ஆஸ்பத்திரி மிஸ்ஸி வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று சொன்னேன். அக்கா எனக்குப் பின்னாலேயே வாளியோடு நின்றிருக்கிறாள். என் வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்று வருஷம் போனது. எனக்குப் பதின்மூன்று. அக்கா பயிற்சி முடித்து வேலையில் இருந்தாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அக்காவுக்குக் கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு கடிதத்தின் அடியில் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். எனக்கும் முகத்தில் வர ஆரம்பித்துவிட்டது, கவலைப்படாதே, எனக்குத்தான் வேலை தெரியுமே, நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், மேலே பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி ஏற்றிப்போய்க் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி வந்த லோரியில் அக்கா வந்து இறங்கினாள். யாரிடமோ கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். பையை வைத்தாள். என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நெற்றியில் நாலைந்து, கன்னத்தில் இரண்டு. இரண்டில் ஒன்றை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன். அதன்மேல் காய்ந்த ரத்தம்.

என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை. "அம்மா, ஒங்க மொகத்துல இருக்கிறது அம்மையா?" என்றாள்.

அம்மா ஆமாம் என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். அம்மை குத்திய தழும்பு இருந்தது. சின்ன வயதிலேயே குத்தியிருக்கிறார்கள். அம்மை வந்திருந்தால் நெற்றியிலும் மூக்கிலும் கையிலும்கூட ஒன்றிரண்டு குழியாவது இருக்கும், உங்களுக்குக் கன்னத்தில் மட்டும்தானே இருக்கிறது என்றாள் அக்கா. அம்மா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா இத அம்மைன்னு சொல்லிட்டாரு. அம்மைன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவாங்க. பருன்னா மூஞ்சி கழுவத் தெரியாதவம்பாங்க. ஒங்கப்பாவுக்கே தெரியாது லா."

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றுப் பருக்கைகளைத் தட்டில் ஒதுக்கி ஒதுக்கிக் காட்டி விளக்கினாள். பரு எல்லோருக்கும் வரும், குழி எல்லோருக்கும் விழாது. தோலுக்கு மேலாக இருப்பது தடம் தெரியாமல் ஆறிவிடும். அடியில் இருப்பதை அழுத்தினால் அது வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே உடைந்து பரவும், சுற்றியிருக்கிற நல்ல சதையையும் அரிக்கும். பிறகு உடம்பு அந்த இடத்தை மூடுகிறபோது சிலருக்குச் சதை போதாமல் போய்விடும், மேல்தோல் உள்ளே இழுத்துக்கொள்ளும். யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பது ரத்தத்தோடு வருகிறது. நம் வீட்டுத் தோல் அப்படிப்பட்ட தோல். கை வைக்காமல் இருந்தும் தன் வலது கன்னத்தில் இரண்டு விழுந்திருக்கிறது பாருங்கள் என்றாள். அன்றைக்கு டிரெஸ்ஸர் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் களிம்போடு விடாமல் டவுன் டாக்டரிடம் எழுதி அனுப்பியிருப்பார், ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டிருக்கலாம் என்றும் சொன்னாள். அம்மா அழுதாள். அக்கா அவளை அழவிட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாளே என்னைப் பிரிஞ்சாங்கில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரையும் ஒரு குழாய்க் களிம்பும் மாதக்கணக்கில் ஓடின. ஈப்போவிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி, கை வைத்தாயா என்பதுதான். மாதம் ஒருமுறை அத்தனை வளைவுகளையும் ஏறி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவின் தோல்தான் எனக்கும். என் முகத்தில் இன்றைக்கு ஒரு குழிகூட இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அம்மாவை விட்டு எழுந்து வந்தவள் நகவெட்டியை எடுத்தாள். என் கையைப் பிடித்து, பத்து விரலிலும் சதையை ஒட்ட வெட்ட ஆரம்பித்தாள். நான் திமிறினேன். கத்தினேன். அம்மாவிடம் அவள் அவ்வளவு நேரம் சொன்னதில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறியிருக்கவில்லை. எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். நான் என் வேலையையெல்லாம் விட்டுவிட்டு நாலு வாரம் அவள் முகத்துக்காகப் பாடுபட்டேன். அவள் இப்போது வேலை வாங்கிக்கொண்டு, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, என் முகத்தை நான் சரி பண்ணிக்கொள்ள விடமாட்டேன் என்கிறாள்.

"ஒனக்குப் பொறாம. என் மூஞ்சி நல்லாயிரும்னு பொறாம" என்றேன்.

அக்கா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அவளுடைய இடது கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆமா லா. பொறாமதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த விரலைப் பிடித்தாள்.

அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அடுத்த வாரம் முழுக்கப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.